வெறுங்காலில் வென்றவர், ஷூ போட்டும் வென்றவர்: அபேபே பிகிலா

காலை ஐந்தரை மணிக்கு நம் வளாகத்தைச் சுற்றி வருபவர்களிடையே சில மாதங்களாக ஒரே விவாதம் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஓடும்போது பாதம் எப்படித் தரையில் பட வேண்டும்? குதிகால் முதலிலா, முன்பாதம் முதலிலா? ஷூ போட்டு ஓட வேண்டுமா, போடாமலா? எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. அதன் முடிவில் ஒரு பெயர் வரும்: ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்ற எத்தியோப்பியர் அபேபே பிகிலா. அவரே ஷூ இல்லாமல் ஓடினார், நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டால் மற்றவர்களிடம் பதில் இருக்காது.

என்னிடமும் இல்லை. ஷூவை அலமாரியில் வைத்துவிட்டுப் பதினைந்து நாள் சிமெண்ட் பாதையில் வெறுங்காலோடு நடந்தேன், நடுநடுவே ஓடவும் செய்தேன். எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. வலது உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்தது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுத் தரையில் இருந்த கறையைப் பார்த்து மகள் சொல்லித்தான் தெரிந்தது. ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், யாரை நம்பி ஷூவைக் கழற்றினேனோ அவருடைய வாழ்க்கையை முழுதாகப் படித்தேன். நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் பெயர். எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். அபேபே என்பதுதான் அவர் பெயர், பிகிலா அவருடைய தந்தை. நம் வழக்கப்படி எழுதினால் பி.அபேபே. உலகப் பத்திரிகைகள் பிகிலா, பிகிலா என்று எழுதியபோதெல்லாம் அவருடைய அப்பாவைத்தான் அழைத்திருக்கின்றன. நாம் அபேபே என்றே சொல்வோம்.

அவர் பிறந்தது 1932 ஆகஸ்ட் 7 அன்று, தெப்ரே பிர்ஹான் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஜாத்தோ என்னும் கிராமத்தில். அதே நாளில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் நடந்தது. தெப்ரே பிர்ஹான் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் நுரையீரலும் ரத்தமும் குறைந்த ஆக்சிஜனுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிடும். பாதமும் அப்படித்தான். கிராமத்துப் பிள்ளைகள் கல்லிலும் மண்ணிலும் செருப்பில்லாமல் ஓடியாடி வளர்ந்தவர்கள்.

அவருக்கு மூன்று வயதானபோது, 1935-இல், முசோலினியின் இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. 1941 வரை அந்த ஆக்கிரமிப்பு நீடித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இளைஞரான அபேபே தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்க்காவல் படையில் வீரராகச் சேர்ந்தார். அங்கே பயிற்சி அளித்தவர் ஒன்னி நிஸ்கானென். பின்லாந்தில் பிறந்து சுவீடனில் குடியேறியவர். அபேபேயிடம் இருந்த திறமையைக் கண்டுகொண்டு, ஒழுங்கான பயிற்சித் திட்டம் வகுத்துக் கொடுத்தவர் அவர்தான். பயிற்சியில் ஷூவோடும் ஓடினார்கள், ஷூ இல்லாமலும் ஓடினார்கள்.

1960 செப்டம்பர் 10, ரோம். வெயிலுக்குப் பயந்து மாரத்தானை மாலையில் வைத்திருந்தார்கள். கேப்பிட்டோலைன் குன்றின் அடியில் தொடங்கி, கான்ஸ்டன்டைன் வளைவில் முடியும் ஓட்டம். ஸ்டேடியத்துக்குள் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ரோமில் அபேபேக்குக் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாத ஷூவோடு 42 கிலோமீட்டர் ஓடினால் கால் புண்ணாகும். வெறுங்காலில் ஓடுவது அவருக்குப் பழக்கம்தான். ஆகவே ஷூவை வைத்துவிட்டு எல்லைக்கோட்டில் வந்து நின்றார். வெறுங்காலே உயர்ந்தது என்று உலகுக்கு நிரூபிக்க அவர் கிளம்பவில்லை. இருந்த நிலைமைக்கு எது சரியோ அதைச் செய்தார்.

இருட்டிய பிறகு, பழமையான அப்பியன் சாலையில் ராணுவ வீரர்கள் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டினார்கள். அபேபேயும் மொராக்கோ வீரர் ராடி பென் அப்தெஸ்ஸலாமும் மற்றவர்களை விட்டுப் பிரிந்து தோளோடு தோளாக ஓடினார்கள். முடிவிடத்துக்குச் சற்று முன்னால் பாதையோரத்தில் ஒரு பெரிய கல்தூண் நின்றது. அது எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்துத் தூண். ஆக்கிரமிப்புக் காலத்தில், 1937-இல், இத்தாலியர்கள் ரோமுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தத் தூண் இருந்த பகுதியில்தான் அபேபே வேகத்தைக் கூட்டி முன்னேறினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓட்டத்தை முடித்தார். அதுவரை உலகில் எவரும் மாரத்தானில் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. ராடி 25 விநாடி பின்னால் வந்தார். கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. அதுவும் எந்த நாட்டுப் படை தன் நாட்டை மிதித்ததோ, அந்த நாட்டின் தலைநகரில், வெறும் பாதத்தோடு. அந்தப் பாதங்களை உலகம் மறக்காததில் வியப்பில்லை.

இந்த இடத்தில் பாதம் தரையில் படும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குதிகால் முதலில் பட்டால் தரையின் அடி சட்டென்று மேலே ஏறும், முழங்காலுக்குச் சுமை கூடும். முன்பாதம் முதலில் பட்டால் அந்த முதல் அடி மென்மையாகும். ஆனால் சுமை மறைந்து போவதில்லை. கெண்டைக்கால் தசையும் குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாரும் அதை வாங்கிக்கொள்கின்றன. ஒரு கணக்கில் எடுத்து இன்னொரு கணக்கில் போடுவது போலத்தான், மொத்தம் குறையாது.

பெரிய ஓட்டக்காரர்கள் எல்லாரும் முன்பாதத்தில்தான் இறங்குகிறார்கள் என்பதும் சரியில்லை. 2004-இல் ஜப்பானின் சப்போரோ அரை மாரத்தானில் 15-ஆவது கிலோமீட்டரில் கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். 283 பேரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் குதிகால்தான் முதலில் பட்டது. முன்னணியில் வந்தவர்களிடம் நடுப்பாதத்தில் இறங்குபவர்கள் சற்று அதிகம், அவ்வளவுதான். 2017 லண்டன் உலகத் தடகளப் போட்டியின் மாரத்தானிலும் பெரும்பான்மையோர் குதிகால்காரர்களே. ஷூவே போடாமல் வளர்ந்தவர்களிடமும் ஒரே முறை இல்லை. கென்யாவில் வெறுங்காலில் ஓடிப் பழகிய ஓட்டக்காரர்களை ஆராய்ந்தபோது முன்பாதம் அதிகம் தென்பட்டது. அதே நாட்டின் வடக்கே வாழும் தாசனாச் மக்களை ஆராய்ந்தபோது, சாதாரண வேகத்தில் குதிகாலே அதிகம் தென்பட்டது. வேகம், தரை, பல வருடப் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் இதை முடிவு செய்கின்றன. ஒரு வீடியோ பார்த்த மறுநாள் காலை மாற்றிக்கொள்ளும் காரியம் இல்லை.

சரி, அபேபேயிடம் திரும்புவோம். 1961-இல் ஏதென்ஸ், ஒசாகா, கோசிட்சே மூன்று இடங்களிலும் மாரத்தான் ஓடி மூன்றிலும் வென்றார். ஒசாகாவுக்குப் போனபோது ஷூ தயாரிப்பாளர் கிஹாச்சிரோ ஒனிட்சுகா அவரைச் சந்தித்து ஷூ போட்டு ஓடும்படி வற்புறுத்தினார். 1963-இல் பாஸ்டன் மாரத்தானில் ஐந்தாவதாக வந்தார். சர்வதேச மாரத்தான்களில் அவர் ஓடி முடித்தும் வெல்லாதது அது ஒன்றுதான்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அவர் ஓடுவாரா என்பதே சந்தேகம். அக்டோபர் 21 அன்று ஓடினார். இந்த முறை காலில் ஷூ இருந்தது. 2 மணி 12 நிமிடம் 11 விநாடி, மறுபடியும் உலகிலேயே மிக விரைவான மாரத்தான். இரண்டாவதாக வந்த இங்கிலாந்தின் பேசில் ஹீட்லி ஸ்டேடியத்துக்குள் வந்து முடிக்க இன்னும் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அபேபே புல்தரையில் படுத்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை வென்ற முதல் மனிதர் ஆனார்.

என் காலில் கட்டோடு இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. வெறுங்காலுக்குச் சாட்சியாக நாம் கொண்டுவரும் மனிதர் தன் மிகச் சிறந்த ஓட்டத்தை ஷூ போட்டுத்தான் ஓடியிருக்கிறார். ரோமைவிட மூன்று நிமிடம் ஐந்து விநாடி குறைவு. அந்த வித்தியாசம் முழுவதும் ஷூவால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு வருடப் பயிற்சி, வேறு ஊர், வேறு பருவம், எல்லாம் உண்டு. ஆனால் பொருந்தாத ஷூவைக் கழற்றியதும், பொருந்திய ஷூவைப் போட்டதும் ஒரே மனிதரின் ஒரே நிதானம்தான்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்குக் கால் எலும்பில் காயத்தோடு போனார். சுமார் 17 கிலோமீட்டரில் விலகினார். அன்று வென்றவர் அவருடைய நாட்டுக்காரர் மாமோ வோல்டே. ஆக, தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் மாரத்தான்களிலும் தங்கம் எத்தியோப்பியாவுக்கே போயிற்று.

அடுத்த வருடம் மார்ச் 22 இரவு, அடிஸ் அபாபாவுக்கு வடக்கே, அவர் தன் வோக்ஸ்வேகன் காரை ஓட்டிச் சென்றபோது விபத்து நேர்ந்தது. டோக்கியோ வெற்றிக்காகப் பேரரசர் கொடுத்த கார் அது. கழுத்துக்குக் கீழே உடல் அசையவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் எட்டு மாதம் சிகிச்சை பெற்றார். கைகள் திரும்பின. கால்கள் திரும்பவே இல்லை. அப்போது அவருக்கு வயது 36.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், அவர் நிறுத்தவில்லை. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்காக அதே ஸ்டோக் மாண்டவில்லில் 1948 முதல் விளையாட்டுப் போட்டிகள் நடந்து வந்தன. இன்றைய பாராலிம்பிக்கின் விதை அதுதான். 1970-இல் அபேபே சக்கர நாற்காலியில் அமர்ந்து அங்கே வில் எடுத்தார், டேபிள் டென்னிஸ் ஆடினார். 1971-இல் நார்வேயில் நடந்த மாற்றுத்திறனாளிகள் போட்டிக்கு விருந்தினராக அழைத்தார்கள். அங்கே போய், நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டு முதலாவதாக வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சக்கர நாற்காலியில் அவரைக் கண்ட கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

1973 அக்டோபர் 25 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 41. மனைவி யெவெப்தாரும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். இறுதிச் சடங்குக்குப் பேரரசரே வந்தார், மக்கள் பல்லாயிரக்கணக்கில் திரண்டார்கள். ரோமில் அவர் கடந்து ஓடிய அந்தக் கல்தூணை இத்தாலி 2005-இல் திருப்பி அனுப்பியது. 2008-இல் அக்சும் நகரில் அது மீண்டும் எழுந்து நின்றது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. சர்க்கரை உள்ளவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் யாரும் வெறுங்காலில் நடக்கவோ ஓடவோ வேண்டாம். தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் மாற்றிப் பார்க்க விரும்பினால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். குதிகாலில் இறங்கி இத்தனை வருடம் வலியில்லாமல் இருந்தவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, பி பிளாக் வாசலில் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டும் விஷயம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. செலவு எவ்வளவு, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வி போன முறையும் வந்தது. கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒன்றரை மாதம் அந்த மூன்று படிகளை மகளின் தோளைப் பிடித்து இறங்கிய பிறகு, என் கை இந்த முறை எந்தப் பக்கம் உயரும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாய்தளத்துக்குத்தான்.