காஞ்சி ஓவியங்களைக் கண்டுபிடித்தவரே சிலைகளைக் கப்பலேற்றினாரா? யார் இந்த ழுவோ துப்ராய்?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். சங்க இலக்கியம் சொல்லும் எயிற்பட்டினமும், கிரேக்கக் கடல் குறிப்பேடான பெரிப்ளூஸில் வரும் சோபட்மாவும் இந்த ஊர்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

இதே கடற்கரையில், தெற்கே புதுச்சேரியில் இருந்துகொண்டு தமிழகக் கோயில் கலையை ஆராய்ந்தவர் கேப்ரியல் ழுவோ துப்ராய். இன்று அவர் பெயரை எடுத்தாலே பாராட்டும் புகாரும் சேர்ந்தே வருகின்றன. ஏன்?

யார் இவர்?

1885-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். புதுச்சேரி கல்லூரியில் அறிவியல் பாடம் நடத்திய வாத்தியார். ஆனா மனசு முழுக்க கோயில்களில்தான். தென்னிந்தியக் கட்டடக்கலை, சிற்பம் பற்றிய அவருடைய இரண்டு தொகுதி நூல் 1914-ல் பாரிசில் வெளியானது. அடுத்து பல்லவர்கள் பற்றியும் எழுதினார்.

கல்வெட்டு இல்லாமல் காலம் சொல்வது எப்படி?

ஐரோப்பாவில் ஓவியர் பெயர் இல்லாத பழைய ஓவியம் கிடைத்தால், துணி மடிப்பையும் விரல்களை வரைந்த விதத்தையும் பார்த்துக் காலம் சொல்வார்கள். துப்ராய் அதே மாதிரி கோயில் தூண்களைப் பார்த்தார்.

உதாரணம், தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை. பல்லவர் காலத்தில் அதில் அலை அலையான வரிகள் இருக்கும். சோழர் காலத்தில் கோணமாக வெட்டி, நடுவில் ஒரு பகுதி துருத்தி நிற்கும். விஜயநகர காலத்தில் பூமொட்டு தொங்க ஆரம்பிக்கும். பிறகு அது வாழைப்பூ மாதிரி வளரும். இப்படி 600-ல் தொடங்கி தன் காலம் வரை, கோயில் கலையை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்.

என்னவெல்லாம் கண்டுபிடித்தார்?

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் ஓவியங்களை 1920 வாக்கில் வெளியுலகத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள், அங்குள்ள கல்வெட்டை வைத்து, இப்போது தெரியும் ஓவியங்கள் 9-ம் நூற்றாண்டு பாண்டியர் காலத்தவை என்றார்கள்.

1931-ல் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் திருச்சுற்றின் சிறு சன்னதிகளுக்குள், பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியங்களைக் கண்டார். பல்லவர் ஓவியம் எப்படி இருந்தது என்பதற்கு இன்றும் முக்கியமான சாட்சி இவை.

1937-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு மணிக்கல்லில் இருந்த தலை, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அடையாளம் சொன்னார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து ரோமானிய வணிகத் தொடர்பை உறுதிப்படுத்தினார். துப்ராய் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

அப்போ புகார் என்ன?

அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. பாரிசில் இருந்த பிரபல கலைப்பொருள் வணிகர் சி.டி.லூவுக்குத் தென்னிந்தியச் சிற்பங்களை அனுப்பினார்.

1926-ல் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து போன யோகினி சிலைகள் அதில் முக்கியமானவை. சுமார் ஆயிரம் ஆண்டு பழமையானவை. இந்தத் தொகுதியில் இப்போது அடையாளம் தெரிந்த 19 சிற்பங்கள் வாஷிங்டன், டெட்ராய்ட், கன்சாஸ் சிட்டி, டொரான்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்திலும் சில உண்டு. கலை வரலாற்றாளர் பத்மா கைமல் 2012-ல் வெளியிட்ட நூல் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது.

தொல்பொருள் ஏற்றுமதிக்கென்றே தனிச்சட்டம் வந்தது 1947-ல்தான். அன்றைக்கு இந்த வியாபாரத்தில் இருந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல.

இழப்பு எவ்வளவு?

சிலைகள் பத்திரமாக இருக்கின்றன, பல நாட்டு மக்கள் பார்க்கிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் அவை நின்ற கோயில் எது, எந்த வரிசையில் இருந்தன என்பது இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு சிற்பத்தை அது இருக்கும் இடத்தோடும் பக்கத்தில் உள்ளதோடும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்று காட்டியவரே துப்ராய்தான். அந்த வாய்ப்பு யோகினிகள் விஷயத்தில் அவர் கையாலேயே போனது.

அவர் பிரித்த காலகட்டங்களைக் கோயில் கலை படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். காஞ்சி யோகினிகளைப் பார்க்க வேண்டுமென்றால், காஞ்சிக்குப் போய்ப் பயனில்லை.