இருபது வயதில், தேம்ஸ் நதிக்கு அடியில்



அடுத்த செமஸ்டர் எனக்குத் தொழிற்பயிற்சி. முடித்துவிட்டு வந்த சீனியர்கள் ரெண்டு வகையான கதை சொல்கிறார்கள். சிலருக்கு ஆறு மாதமும் போட்டோகாப்பி எடுக்கிற வேலைதான். சிலருக்கோ மேற்பார்வையாளர் திடீரென்று இல்லாமல் போக, ரெண்டாவது வாரமே மொத்த சைட்டும் தலையில் விழும். எது பயம் என்று கேட்டால், ரெண்டாவதுதான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால்தான் இந்த மாதம் இசம்பார்ட் கிங்டம் புருனேலைப் பற்றி எழுதுகிறேன்.

புருனேல் 1806ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். அப்பா மார்க் புருனேல், பிரான்சிலிருந்து வந்து குடியேறிய பொறியியலாளர். சின்ன வயசிலேயே மகனுக்கு வரைபடமும் வடிவியலும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். வசதியான வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். இசம்பார்டுக்கு 15 வயது இருக்கும்போது, கடனைக் கட்ட முடியாமல் அப்பா சிறைக்கே போனார். மகன் அப்போது பிரான்சில் படித்துக்கொண்டிருந்தார். பாரிஸில் பிரெகே என்ற புகழ்பெற்ற கடிகாரக் கைவினைஞரிடம் தொழில் பழகிவிட்டு, 1822இல் வீடு திரும்பி அப்பாவின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

1825இல் அப்பா ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. கப்பல் ஓடும் ஆற்றுக்கு அடியில் அதுவரை உலகத்தில் யாரும் சுரங்கம் கட்டி முடித்ததில்லை. அதற்காக மார்க் உருவாக்கியதுதான் 'கேடயம்' என்ற இரும்புச் சட்டம். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழுவைப் பார்த்து வந்த யோசனை அது. மொத்தம் 36 அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொழிலாளி. முன்னால் இருக்கிற பலகையைக் கழற்றி, கொஞ்சம் மண்ணைத் தோண்டி, பலகையை மறுபடி வைக்க வேண்டும். பிறகு சட்டத்தை முன்னே தள்ளுவார்கள். பின்னாலேயே கொத்தனார்கள் செங்கல் சுவர் எழுப்பிக்கொண்டு வருவார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அன்றைய தேம்ஸ் ஒரு சாக்கடை. நச்சுக்காற்றும் அழுக்கு நீரும் உள்ளே கசிந்து ஆட்களைப் படுக்கையில் தள்ளின. அப்பாவும் நோயில் விழுந்தார். தலத்தில் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் ஆம்ஸ்ட்ராங், உடம்பு முடியாமல் 1826இல் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் இசம்பார்ட். வயது 20. நம்மில் பலர் ரெண்டாம் ஆண்டு தேர்வுக்குப் படிக்கிற வயசு! பதவி முறைப்படி கிடைத்தது 1827 ஜனவரியில். ஆனால் பதவிக் கடிதம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. சில சமயம் ஒரு நாளுக்கு மேலாக வெளியே வராமல் சுரங்கத்திலேயே கிடந்தார்.

1827 மே 18ஆம் தேதி ஆறு உள்ளே புகுந்தது. எல்லாரும் ஓடித் தப்பினார்கள், ஒரு வயதான தொழிலாளியைத் தவிர. அவர் குரல் கேட்டதும் இசம்பார்ட் கயிற்றைப் பிடித்து இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார். பிறகு மூழ்குமணிக்குள் அமர்ந்து ஆற்றின் அடிக்குப் போய், ஓட்டையைத் தானே பார்த்தார். களிமண் மூட்டைகளைப் போட்டு அதை அடைத்து, தண்ணீரை இறைத்து, வேலையைத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த நவம்பரில் சுரங்கத்துக்குள்ளேயே ஒரு விருந்து நடந்தது. பெரிய மனிதர்களுக்கு மட்டுமல்ல, தொழிலாளர்களுக்கும் அங்கேயே பந்தி.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லா கைதட்டலாம். முடியவில்லை.

1828 ஜனவரி 12ஆம் தேதி ஆறு மறுபடி உடைந்தது. அப்போது இசம்பார்ட் முன்வரிசையில், தொழிலாளர்களோடு கேடயத்தில் நின்றிருந்தார். மரக்கட்டை விழுந்து கால் மாட்டிக்கொண்டது. எப்படியோ விடுவித்துக்கொண்டவரை வெள்ளமே செங்குத்துக் குழி வழியாக மேலே தூக்கி வந்தது. உயிர் பிழைத்தார். அவரோடு வேலை செய்த ஆறு பேர் பிழைக்கவில்லை. காயத்தோடு, படகில் விரித்த மெத்தையில் படுத்தபடியே, சேதத்தைப் பார்க்கும் வேலையை அவர் நடத்தினார். பிறகு உடம்பு ஒத்துழைக்காமல் பல மாதங்கள் படுக்கையில்தான். பணமும் தீர்ந்துபோக, சுரங்கத்தைச் சுவர் வைத்து மூடினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் வேலை தொடர்ந்தது. 1843இல் அதை முடித்துத் திறந்தவர் அப்பா மார்க். மகன் அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிரிஸ்டலில் கிளிஃப்டன் தொங்கு பாலத்தின் வடிவமைப்பு. 27 வயது நிறைவதற்குள் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொறியியலாளர் பதவி. பிறகு மூன்று மாபெரும் கப்பல்கள். 1859இல், 53 வயதில் காலமானார்.

அவர் கெட்டிக்காரர், சரி. அப்பா தலைமைப் பொறியியலாளர் என்பதால்தான் வாய்ப்பு கிடைத்தது, அதுவும் சரி. ஆனால் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அவர் நின்ற இடத்தைப் பற்றி. இருபது வயதுப் பையன் சொன்னால் அனுபவசாலிகள் ஏன் கேட்க வேண்டும்? மேலே நின்று உத்தரவு போடவில்லை, தண்ணீர் முதலில் வரும் இடத்தில் நின்றார். அதனால் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படி நின்றும் ஆறு உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. பொறியியலில் ஒரு கணக்கு தவறினால் போவது மார்க் மட்டுமல்ல என்பதை எங்கள் விரிவுரை மண்டபத்தைவிட இந்தக் கதைதான் எனக்கு அழுத்தமாகச் சொன்னது.

அடுத்த முறை கோலாலம்பூரில் எம்ஆர்டி தரைக்கு அடியில் போகும்போது நினைத்துப் பாருங்கள். அந்தச் சுரங்கத்தைத் தோண்டிய இயந்திரங்களுக்கு மூதாதை அந்த 36 அறைக் கேடயம். தேம்ஸ் சுரங்கத்திலும் இன்று ரயில் ஓடுகிறது.

தொழிற்பயிற்சியில் எனக்கு என்ன வேலை தருவார்கள் என்று தெரியாது. போட்டோகாப்பி என்றால் எடுத்துக்கொள்ளலாம். சைட் என்றால், முதல் நாளே அங்கே வேலை செய்கிறவர்களின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறேன்.