மகாவித்துவான் பிள்ளையவர்களும் பாட்டுப் பயிற்சியும்

செய்யுள் இயற்றும் ஆற்றல் கருவிலேயே வாய்க்கவேண்டும், பயின்று வருவது பாட்டாகாது என்று சொல்லுவோர் நம்மிடையே பலர். அன்னோர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுடைய சரித்திரத்தை ஒருமுறை படித்தல் நன்று. அவருக்கு இயற்கையறிவு இல்லாமலில்லை. ஆயினும் அவ்வறிவுக்கு அவர் நாள்தோறும் இட்ட உரத்தை நோக்கும்போது நமக்கு வியப்பே மேலிடுகின்றது.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் தேதி, திரிசிரபுரத்தை அடுத்த அதவத்தூரிலே பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை பாடஞ் சொல்லும் உபாத்தியாயர், முதலாசிரியரும் அவரே. இளம் பிராயத்திலேயே தந்தையாரை இழந்த பின்னர், நூலறிந்தார் எவரென்று தேடித் திரிவதே அவருக்குத் தொழிலாயிற்று. அச்சுப் புத்தகங்கள் அருகியிருந்த காலம் அது. ஒரு நூல் வேண்டுமாயின், ஏடுடையவரைக் கண்டு, பணிந்து, இரவல் பெற்று, தம் கையாலேயே எழுத்தாணி பிடித்துப் பிரதி செய்துகொள்ளவேண்டும். இது பெருந்துன்பமே. ஆனால் ஒவ்வொரு சீரும் தளையும் கண்வழியாக மாத்திரமன்றிக் கைவழியாகவும் உள்ளே இறங்கியமையினால், இத்துன்பமே அவருக்குப் பெரும் பள்ளிக்கூடமாயிற்று என்பது நமது கருத்து.

தண்டியலங்காரம் பாடங்கேட்ட வரலாறு எவரும் அறியத்தக்கது. அணியிலக்கணம் கற்பிப்பார் கிடைக்காமல் வருந்தியிருந்த காலத்தில், வீடுதோறும் பிச்சையேற்று உண்ணும் பரதேசி ஒருவருக்கு அந்நூலிலே பயிற்சியுண்டென்று கேள்விப்பட்டார். பரதேசியோ ஓரிடத்தில் தங்குபவரல்லர். பிள்ளையவர்கள் அவர் பிச்சைக்குப் போகும் தெருக்களிலெல்லாம் உடன்சென்று, அவர் விரும்பிய கஞ்சாவையும் வாங்கிக் கொடுத்து, மனம் மகிழ்ந்திருக்குஞ் சமயம் பார்த்துச் சிறிது சிறிதாகப் பாடங்கேட்டு முடித்தார். ஊரார் என்ன சொல்லுவர் என்று அவர் எண்ணவில்லை. பின்னர் சென்னை சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலியோரிடமும் பல நூல்களைக் கேட்டுத் தெளிந்தார்.

நம் நாவலர் பெருமானுக்கு 1849இல் நாவலர்ப் பட்டம் வழங்கிய திருவாவடுதுறை ஆதீனமே பிள்ளையவர்களுக்கும் மகாவித்துவான் என்னும் பட்டத்தை அளித்தது. அளித்தவர் அம்பலவாண தேசிகர். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும், பிள்ளைத்தமிழ், அந்தாதி, கோவை, கலம்பகம் எனப் பல பிரபந்தங்களும் அவர் வாக்கிலிருந்து எழுந்தன. தாமே இருந்து எழுதுவது அவர் வழக்கமன்று. பாடல்களை மனத்திலே அமைத்துக்கொண்டு வாயினாற் சொல்ல, அருகிருக்கும் மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். முதல்நாள் நிறுத்திய இடத்திலிருந்து மறுநாள் தொடங்குவார். எழுதுவோர் கை ஓயுமேயன்றிச் சொல்லுவோர் வாக்கு ஓயாது. சேக்கிழார் பிள்ளைத்தமிழைப் படிப்போர் இவ்வேகத்துள்ளும் பக்தி வற்றாதிருப்பதைக் காண்பர். பிறர் வேண்டுகோளுக்காகப் பாடிய புராணங்கள் எல்லாவற்றிலும் அச்சுவை ஒரே அளவாக உண்டென்று சொல்ல நாம் துணியோம். வறுமையும் கடனும் அவரை விட்டு நீங்கியதில்லை. புராணம் அரங்கேறினாற் கிடைக்கும் சன்மானத்தைக் கொண்டே குடும்பமும் மாணாக்கரும் பிழைக்கவேண்டியிருந்தது. அவரோ பாடஞ் சொல்லுதற்குக் கூலி பெற்றவரல்லர். மாணாக்கர் பலருக்குச் சோறும் தாமே இட்டார். சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவர் அவருக்கு உற்ற மாணாக்கர். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை மீது அவர் குளத்தூர்க் கோவை பாடினார்.

உ. வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்துக்கு வந்து அவரை அடைந்தபோது பதினேழாம் வயது நடந்துகொண்டிருந்தது. வேங்கடராமன் என்னும் பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று அழைக்கச் செய்தவரும் பிள்ளையவர்களே. இலக்கணத்தை முதலில் திணியாமல், அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பித்தார். தெரிந்த சொல்லுக்குப் பொருள் சொல்லிக் காலங்கழிக்காமல், அரிய இடங்களை மாத்திரம் விளக்கி மேலே செல்லுவார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நம் உள்ளத்தை விட்டகலாதது. மாயூரத்தில் தாம் வாங்கிய வீட்டின் தோட்டத்திலே, கன்று வளருமட்டும் பொறுத்திருக்க மனமில்லாமல், வளர்ந்த மரங்களையே வேரொடு கொணர்ந்து பிள்ளையவர்கள் நடுவித்தார். அவை துளிர்த்தனவா என்று காலைதோறும் ஆவலோடு பார்ப்பார். இதனைக் கண்டுகொண்ட ஐயர், விடியுமுன் எழுந்து எம்மரத்தில் எக்கிளையில் புதுத்தளிர் தோன்றியதென்று தேடிவைத்து, ஆசிரியர் வந்தவுடன் காட்டுவார். அவர் மனங்குளிரும், பாடமும் தடையின்றி நடக்கும். பரதேசியின் பின்சென்ற மாணாக்கருக்கு ஏற்ற மாணாக்கரே வாய்த்தார்!

1876ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் தேதி பிள்ளையவர்கள் திருவாவடுதுறையிலே சிவபதமடைந்தார். சவேரிநாத பிள்ளை தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பாடிய புராணங்களுட் பல இன்று படிப்பாரின்றிக் கிடக்கின்றன. நான்கு ஆண்டு கழித்து, 1880இல், சேலம் இராமசாமி முதலியார் சங்க காலத்தையொட்டிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று ஐயரை வினாவினார். பிள்ளையவர்களிடம் பெற்ற சொற்பயிற்சியையே கைப்பொருளாகக் கொண்டு ஏடுகளோடு மல்லாடி, 1887இல் சீவகசிந்தாமணியை ஐயர் அச்சேற்றினார். தம் ஆசிரியருடைய சரித்திரத்தையும் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பரதேசியின் கதையும் தளிர்களின் கதையும் ஐயர் எழுதிவைத்தமையினாலேயே நமக்குக் கிடைத்தன.