இரும்பால் யாத்தவர் – பொறியாளர் விளாதிமிர் ஷூகொவ்

சுருக்கம் அழகு என்பது தமிழ் யாப்பு மரபு நன்கறிந்த உண்மை. சொற்களைக் கூட்டிக்கொண்டே செல்வதால் பாட்டு வலிமை பெறுவதில்லை. வேண்டாதவற்றை நீக்க நீக்க எஞ்சிய சொற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. சொல்லுலகில் புலவர் கண்ட இவ்வுண்மையை இரும்புலகில் மெய்ப்பித்த பெருமகன் ஒருவர் உருசிய நாட்டில் வாழ்ந்தார். குறைந்த இரும்பைக் கொண்டு, காற்றுக்கும் சுமைக்கும் அசையாத உயர்கோபுரங்களை அவர் எழுப்பினார். அவர்தாம் விளாதிமிர் கிரிகோரியெவிச் ஷூகொவ்.

இளமையும் கல்வியும்

ஷூகொவ் 1853ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிராய்வொரன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அன்று கூர்ஸ்க் ஆளுகைக்குட்பட்டது. இன்று பெல்கரத் வட்டாரத்தைச் சேர்ந்தது. கணிதத்தில் இளமையிலேயே பேரார்வம் காட்டிய அவர், மாஸ்கோவில் இருந்த பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் பயின்று 1876இல் சிறப்புடன் தேறினார். அக்காலக் கணித மேதையாகிய செபிஷேவ் அவரைத் தம்முடன் பணியாற்ற அழைத்தார். அவ்வழைப்பை ஏற்றிருந்தால் கணித உலகம் ஓர் அறிஞரைப் பெற்றிருக்கும். ஆனால் எண்களைப் பொருளாக்கிக் காணும் வேட்கையே ஷூகொவின் உள்ளத்தில் மேலோங்கி நின்றது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியைக் காணச் சென்றார். அலெக்சாந்தர் பாரி என்னும் தொழில்முனைவருடன் அங்கு ஏற்பட்ட அறிமுகம் அவர்தம் வாழ்வையே வகுத்தது. நாடு திரும்பியபின் பீட்டர்ஸ்பர்க்கில் இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் வரைபடப் பணியாற்றிக்கொண்டே இராணுவ மருத்துவக் கழகத்தில் பாடங்கேட்டார். பின்னர் பாரியின் அழைப்பையேற்றுப் பாக்கு நகரின் எண்ணெய் வயல்களுக்குச் சென்றார். நோபல் உடன்பிறந்தாரின் நிறுவனத்துக்காக 1878இல் அவர் அமைத்ததே உருசியாவின் முதல் எண்ணெய்க் குழாய்வழி. அதன் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 1880இல் மாஸ்கோவிலிருந்த பாரி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரானார். எண்ணெய்த் தேக்கத் தொட்டிகள், கொதிகலன்கள், பாலங்கள், கூரைகள் எனப் பல துறைகளில் அவர் கை பதிந்தது. பெட்ரோலிய எண்ணெயை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிளக்கும் முறைக்கு 1891இல் காப்புரிமை பெற்றவரும் அவரே.

இத்துறைகள் அனைத்திலும் அவர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: இப்பணிக்கு மிகக் குறைந்த அளவு பொருள் எவ்வளவு போதும்? கணக்கிட்டு விடை கண்ட பின்னரே அவர் எழுதுகோலை வரைபடத்தின்மேல் வைத்தார்.

நேர்க்கோட்டில் பிறந்த வளைவு

அக்காலத்தில் உயரமான தாங்குகோபுரம் என்றால் நான்கு தடித்த கால்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களுமே எல்லார் நினைவிலும் இருந்தன. உயரம் கூடுந்தோறும் கால்களைத் தடிப்பாக்கினர். தடிப்புக் கூடியதும் எடை கூடியது. எடையைத் தாங்க மீண்டும் தடிப்பு வேண்டியதாயிற்று. இச்சுழலிலிருந்து விடுபட ஷூகொவ் கண்ட வழி மிக எளியது.

இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, நேரான கோல்களால் அவற்றை இணைத்ததாகக் கொள்வோம். கீழ்வளையம் அசையாதிருக்க, மேல்வளையத்தை மட்டும் சிறிது திருகினால் கோல்கள் யாவும் சாயும். நடுப்பகுதி ஒடுங்கி உடுக்கையின் வடிவம் தோன்றும். கோல்களில் ஒன்றேனும் வளைந்திருக்காது. ஆயினும் மொத்த வடிவம் வளைந்திருக்கும். ஒரு கூட்டக் கோல்களை வலமாகவும் மற்றொரு கூட்டத்தை இடமாகவும் சாய்த்து, அவை வெட்டிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் தறையாணி கொண்டு பிணைத்து, உட்புறம் கிடைவளையங்களை அமைத்தால் ஷூகொவின் கோபுரம் கிடைக்கும். கணித நூலார் இவ்வடிவை ஹைப்பர்போலாய்டு என்பர். பிரம்பால் முடைந்த, இடை ஒடுங்கிய இருக்கையைப் பார்த்தவர்க்கு இது புதிய வடிவமன்று. மெல்லிய பிரம்புகள் ஓர் ஆளின் எடையைத் தாங்கி நிற்பதும் இவ்வமைப்பின் வலிமையாலேயே.

இதன் உறுதிக்குரிய காரணத்தையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். மெல்லிய நீண்ட கம்பியை இரு முனையிலும் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்பே நடுவில் வளைந்து ஒடியும். எனவே உயர்கம்பங்களின் முதற்பகை சுமையைவிட இந்த வளைவேயாகும். ஷூகொவின் அமைப்பில் ஒவ்வொரு கோலையும் எதிர்ப்புறம் சாய்ந்த கோல்கள் சிற்சில அடிக்கு ஒருமுறை பிடித்துக்கொள்கின்றன. இதனால் நீண்ட கோல் பல குறுங்கோல்களின் வலிமையைப் பெறுகிறது. காற்று மோதுவதற்குரிய பரப்பும் குறைவு. வலைக்கண்களின் ஊடே அது புகுந்து போய்விடுகிறது. எல்லாக் கோல்களும் நேரானவை ஆதலின், ஆலையில் கிடைக்கும் சாதாரண எஃகுச் சட்டங்களே போதுமானவை. அவற்றை வளைத்துத் தரும் தனித்தொழிலும் வேண்டுவதில்லை.

இவ்வடிவில் அமைந்த உலகின் முதற்கோபுரம் 1896இல் நீழ்னி நோவ்கரத் நகரின் அனைத்துருசியக் கண்காட்சியில் நீர்த்தொட்டியைத் தாங்கி நின்றது. அதன் வலைப்பின்னல் உடல் மட்டும் ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். கண்காட்சி முடிந்ததும் அதனை விலைக்கு வாங்கிய செல்வர் ஒருவர் பொலீபினோ என்னும் ஊருக்குப் பெயர்த்துச் சென்றார். அது இன்றும் அங்கே நிற்கிறது. 1899இல் ஷூகொவ் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் நீர்க்கோபுரங்களாகவும் கலங்கரை விளக்கங்களாகவும் இவ்வடிவம் நாடெங்கும் பரவியது. கெர்சன் நகருக்கு அருகில் நீப்பர் ஆற்றின் கழிமுகத்தில் 1911இல் எழுந்த அஜிகோல் கலங்கரை விளக்கம் 64 மீட்டர் உயரமுடையது.

கடலுக்கும் இவ்வடிவம் சென்றது. அமெரிக்கக் கடற்படையினர் தம் போர்க்கப்பல்களில் இதனையொத்த வலைப்பின்னல் பாய்மரங்களைக் கண்காணிப்புக் கம்பங்களாக நிறுத்தினர். 1918 சனவரியில் மிச்சிகன் என்னும் கப்பலின் முன்கம்பம் கடும்புயலில் முறிந்து வீழ்ந்தது, அறுவர் உயிரிழந்தனர். பின்னாளில் முக்கால் கம்பங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. நிலத்தில் அசையாது நின்ற வடிவம், அலைமேல் ஓயாது ஆடும் கப்பலில் அதே பயனைத் தரவில்லை. இடமும் சுமையும் அறிந்து கணக்கிட்டால்தான் மென்மை வலிமையாகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

ஷாபலோவ்கா கோபுரம்

ஷூகொவின் வாழ்வில் உச்சமாகத் திகழ்வது மாஸ்கோ நகரின் ஷாபலோவ்கா வானொலிக் கோபுரம். புரட்சிக்குப்பின் பாரி நிறுவனம் அரசுடைமையாயிற்று. வெளிநாடு செல்லும் வாய்ப்பிருந்தும் ஷூகொவ் தாயகத்திலேயே தங்கினார். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1919ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தலைநகரில் வலிமை மிக்க வானொலி நிலையம் அமைக்கும் ஆணையில் லெனின் கையொப்பமிட்டார்.

ஷூகொவ் முதலில் வரைந்தது 350 மீட்டர் உயரக் கோபுரம். ஒன்பது பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு அது. அதற்கு அவர் கணக்கிட்ட எஃகு ஏறத்தாழ 2,200 டன். 1889இல் எழுந்த பாரிசு நகரத்து ஈபெல் கோபுரம் 300 மீட்டர் உயரத்துக்கு 7,300 டன் இரும்பை உண்டது என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். உயரம் கூடியும் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தது.

ஆயினும் அந்த 2,200 டன்னும் நாட்டில் இல்லை. பஞ்சமும் போரும் வாட்டிய காலம் அது. கோபுரத்தின் உயரம் 150 மீட்டராகக் குறைக்கப்பட்டது, பகுதிகள் ஆறாயின. ஏறத்தாழ 240 டன் எஃகு இராணுவக் கிடங்குகளிலிருந்து வழங்கப்பட்டது. 1920 மார்ச்சுத் திங்களில் பணி தொடங்கிற்று.

ஒரே உடலாக 150 மீட்டர் எழுப்பினால் மிக நீண்ட கோல்கள் தேவைப்படும். பகுதிகளாகப் பிரித்ததால் கோல்கள் குறுகின. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே உறுதியுடைய ஓர் உடுக்கை. கீழ்ப்பகுதியின் மேல்வளையமும் மேற்பகுதியின் அடிவளையமும் இணையுமிடத்தில் முழுக்கோபுரமும் ஒன்றாகிறது. சீர்கள் தளையால் இணைந்து அடியாவதை அறிந்தோர்க்கு இவ்வமைப்பின் நுட்பம் எளிதில் விளங்கும். சீர் எவ்வளவு செறிவுடையதாயினும் தளை தட்டினால் பாட்டு நில்லாது. ஷூகொவின் கோபுரத்திலும் வளையங்களின் இணைப்பே உயிர்நிலை.

எழுப்பிய முறை அதனினும் வியப்புக்குரியது. வானளாவிய சாரமோ பெரிய பளுதூக்கிகளோ இல்லை. முதற்பகுதியை நிலத்தின்மேல் நிறுத்திய பின், இரண்டாம் பகுதியை அதன் வயிற்றுக்குள்ளேயே தரையில் வைத்துக் கட்டினர். முதற்பகுதியின் உச்சியில் மரத்தாலான தூக்கிகளை அமைத்து, கப்பிகளும் கையால் சுற்றும் வின்சுகளும் கொண்டு இரண்டாம் பகுதியை உள்ளிருந்தே மேலேற்றினர். அதன் அகன்ற அடிப்புறம் முதற்பகுதியின் ஒடுங்கிய வாய் வழியே செல்லுமாறு கோல்களின் முனைகளை உட்புறமாக இழுத்துக் கட்டினர். மேலே வந்ததும் கட்டை அவிழ்க்க, அவை விரிந்து தம் இடத்தில் அமர்ந்தன. தொலைநோக்கிக் குழலை ஒன்றிலிருந்து ஒன்றாக நீட்டுவது போலக் கோபுரம் தன்னுள்ளிருந்தே தான் வளர்ந்தது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

1921 சூன் 29ஆம் நாள் நான்காம் பகுதியை மேலேற்றும்போது பெருவிபத்து நேர்ந்தது. அப்பகுதி கீழே வீழ்ந்து, ஏற்கெனவே எழுந்து நின்ற பகுதிகளையும் சிதைத்தது. ஐயமும் அச்சமும் ஆட்சி செய்த காலமாதலின், விபத்து நாசவேலையோ என்னும் பேச்சு எழுந்தது. ஷூகொவ் விசாரணைக்குள்ளானார். நிறைவேற்றாது நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டதென்றே அவர் வரலாற்றை எழுதுவோர் குறிப்பர். வடிவமைப்பில் பிழை யாதுமில்லை, எஃகின் தளர்ச்சியே காரணம் என ஆய்ந்தோர் கண்டனர்.

அப்போது அவருக்கு வயது 67. வாழ்நாள் முழுதும் எஃகின் ஒவ்வோர் இழையையும் கணக்கிட்டுச் செலவிட்டவர், தன் கோபுரம் சரிந்த இடத்திலேயே மீண்டும் பணி தொடங்கினார். சிதைந்தவை சீர்செய்யப்பட்டன, பகுதிகள் ஒவ்வொன்றாக ஏறின. 1922 மார்ச்சு 19ஆம் நாள் கோபுரத்திலிருந்து ஒலிபரப்புத் தொடங்கிற்று. வடிவத்தை அவர் மாற்றவில்லை. தன் கணக்கின்மேல் அவர் கொண்ட நம்பிக்கைக்கு அக்கோபுரமே சான்றாக நின்றது.

அதன்பின் ஓக்கா ஆற்றைக் கடந்து மின்கம்பிகளைக் கொண்டுசெல்ல 1927 முதல் 1929 வரை அவர் அமைத்த கோபுரங்களுள் இரண்டு 128 மீட்டர் உயரமுடையவை. ஐந்து பகுதிகளால் ஆனவை. மின்கடத்தும் கோபுரங்களுக்கும் தம் பகுதியமைப்பு ஏற்றது என்பதை அவை காட்டின. 1929இல் லெனின் பரிசு அவரை நாடி வந்தது. அவ்வாண்டிலேயே ரோத்சென்கோ என்னும் கலைஞர் ஷாபலோவ்கா கோபுரத்தினுள் நின்று எடுத்த புகைப்படங்கள் கலையுலகின் செல்வமாயின. ஷூகொவும் புகைப்படக் கலையில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

முதுமையில் அவரிடம் வந்த பணி ஒன்று உருக்கமானது. சாமர்கண்டு நகரில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த உலுக் பெக் கல்விக்கூடத்தின் தூபி ஒன்று சாய்ந்து வீழும் நிலையிலிருந்தது. அதனை இடிக்காமல் நிமிர்த்தும் திட்டத்தை ஷூகொவ் வகுத்தார். 1932இல் தூபி நிமிர்ந்தது. புதியன எழுப்பிய கை, பழையதொன்றைத் தாங்கி நிறுத்தியது.

நிலைத்த புகழ்

தீக்காயங்களால் துன்புற்ற ஷூகொவ் 1939 பிப்ரவரி 2ஆம் நாள் தம் 85ஆம் வயதில் மாஸ்கோவில் மறைந்தார். அடுத்த மார்ச்சுத் திங்களிலேயே அவருடைய கோபுரத்திலிருந்து தொலைக்காட்சியின் முறையான ஒளிபரப்புத் தொடங்கிற்று. ஒலிக்காக எழுப்பிய கோபுரம் ஒளியையும் சுமந்ததை அவர் காணவில்லை. பல ஆண்டுகள் சோவியத்துத் தொலைக்காட்சியின் அடையாளமாக அக்கோபுரத்தின் உருவமே திகழ்ந்தது.

காலம் அவர் படைப்புகள் அனைத்தையும் காத்ததில்லை. ஓக்கா ஆற்றங்கரையின் இரு பெருங்கோபுரங்களுள் ஒன்று 2005இல் அழிக்கப்பட்டது. துருவேறிய ஷாபலோவ்கா கோபுரத்தைப் பிரித்தெடுக்கும் முயற்சி 2014இல் எழுந்தபோது, பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் ஒருங்கே எதிர்க்குரல் எழுப்பினர். கோபுரம் பிழைத்தது. பின்னர் உள்ளே தாங்குகால்கள் அமைத்து அதற்குத் துணை செய்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தன் கால்களிலேயே நின்ற ஒன்றுக்கு, பேணாமையே பெரும்பகையாயிற்று.

பொருள் மிகுந்த நாளில் பெரிது படைத்தல் எளிது. ஷூகொவ் எஃகும் உணவும் அருகிய நாளில், கேட்ட அளவில் பாதியினும் குறைந்த உயரத்துக்கே பொருள் பெற்று, அதனையும் ஒருமுறை இழந்து, மீண்டும் எழுப்பினார். அவர் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவோர் கண்ணுக்கு இரும்பைவிட வானமே மிகுதியாகத் தெரியும். அந்த வெற்றிடம் முழுதும் அவர் கணக்கிட்டு விட்டது. எதை எழுதாமல் விடுவது என்று ஒவ்வொரு நாளும் தம்முள் வழக்காடும் கவிஞர்கள், அப்பொறியாளரைத் தம் இனத்தாருள் ஒருவராகக் கொள்ளுதல் பொருந்தும்.