கோட்டை சரிந்த பிறகு கேட்ட நீதி

தந்தையை ஒரு வயதிலே இழந்த பாலகன். வேல்ஸ் நாட்டுச் சிற்றூரிலே, காலணி தைத்துப் பிழைத்த தாய்மாமன் வீட்டிலே வளர்ந்தவன். தாய்மொழி வேல்ஸ், ஆங்கிலமோ பிறகு கற்ற மொழி. அந்தப் பாலகன்தான், ஆங்கிலச் சீமான்களை அலற வைத்த லாயிட் ஜார்ஜ்!

1890ல் நடந்த இடைத்தேர்தலிலே வெறும் 18 வாக்குகள் அதிகம் பெற்று அவர் பார்லிமெண்டிலே நுழைந்தார். ஒரே ஒரு வாக்கு கூடினாலும் வென்றவனுக்கே தொகுதி என்ற அந்த முறைதான் அவருக்குக் கதவைத் திறந்தது. 1909ல் நிதியமைச்சராக, நிலப்பிரபுக்கள் மீது வரி போட்டார். பிரபுக்கள் சபை சீறியது. 1911ல் அதன் சிறகு வெட்டப்பட்டது. 1916ல் பிரதமரானார்.

1917ல் ஒரு வாய்ப்பு வாசலுக்கு வந்தது. வாக்குரிமையைத் திருத்த ஆராய்ந்த அனைத்துக் கட்சி மாநாடு, பெருநகரங்களிலாவது விகிதாசார முறை வேண்டுமென்று பரிந்துரைத்தது. பிரதமர் அதற்காக மல்லுக்கு நின்றாரா? இல்லை! 1918ல் 30 வயது கடந்த பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்கு கிடைத்தது. வாக்கை எண்ணி இடத்தைப் பங்கிடும் முறையோ பழையபடியே நின்றது. பதவியிலிருப்பவருக்கு ஏணியின் கோணல் தெரிவதில்லையே!

காலம் சுழன்றது. ஆஸ்குவித்துடன் மூண்ட பூசலால் லிபரல் கட்சி பிளந்தது. 1922ல் கன்சர்வேடிவ்கள் கைவிட்டனர்; பதவி போயிற்று. 1924 தேர்தலிலே கட்சி 40 இடங்களாகச் சுருங்கியது. 1929ல், வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிக்கத் திட்டம் தீட்டி, வீறுகொண்டு களம் புகுந்தார். லிபரல்களுக்கு 53 லட்சம் வாக்குகள் குவிந்தன. கிடைத்த இடங்களோ 615ல் 59! தொழிற்கட்சிக்கு ஓர் இடம் பெற ஏறத்தாழ 29,000 வாக்குகள் போதுமாயிருந்தன. லிபரலுக்கோ 90,000 தேவைப்பட்டன. கன்சர்வேடிவ்களும் ஏமாந்தனர்: தொழிற்கட்சியைவிட அதிக வாக்கு, ஆனால் குறைந்த இடம்!

இப்போது லாயிட் ஜார்ஜுக்கு முறையின் குறை பளிச்செனத் தெரிந்தது. சிறுபான்மை அரசு நடத்திய தொழிற்கட்சிக்கு அவர் கட்சியின் தயவு தேவை. ஆகவே, வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் மசோதா 1931ல் வந்தது. அது விகிதாசாரமல்ல, பாதி வழிதான். தொழிற்கட்சி அரைமனதோடு நடந்தது. ஆளும் நிலைக்கு வளர்ந்துவிட்ட கட்சிக்கு மாற்றத்திலே என்ன ஆசை! தங்களுக்கு எதிரான வாக்குகள் ஒன்றுசேருமே என்று அஞ்சிய கன்சர்வேடிவ்கள் எதிர்த்தனர். மக்கள் சபை நிறைவேற்றியதைப் பிரபுக்கள் சபை வெட்டிக் குறைத்தது. சிறகு வெட்டப்பட்டாலும் அலகு மிச்சமிருந்தது! ஆகஸ்டிலே அரசு கவிழ்ந்தது, மசோதாவும் மடிந்தது.

1945 மார்ச்சில் லாயிட் ஜார்ஜ் மறைந்தார். 2011ல் அதே வரிசை முறையைப் பொது வாக்கெடுப்பிலே பிரிட்டிஷ் மக்கள் முன் வைத்தார்கள். ஏறத்தாழ 68 சதவிகிதத்தினர் வேண்டாமென்றனர். பிரிட்டன் விட்டுச்சென்ற பழைய முறையிலேதான் இந்தியாவிலே நாமும் வாக்களிக்கிறோம்.

ஏழைகளுக்காகச் சீமான்களை எதிர்த்த வீரர்தான் அவர். அவரே, செல்வாக்கு இருந்தபோது தராசைத் திருத்தவில்லை. திருத்தத் துடித்தபோது செல்வாக்கு இல்லை. தேர்தல் முறையை மாற்று என்றோ, மாற்றாதே என்றோ எந்தக் கட்சி முழங்கினாலும், நம் கட்சியே ஆனாலும், முதலில் பாருங்கள்: சென்ற தேர்தலில் அதற்குக் கிடைத்த வாக்கு எவ்வளவு, இடம் எவ்வளவு? முழக்கத்தின் காரணம் அந்தக் கணக்கிலே இருக்கும். வென்ற நாளிலும் தராசைச் சரிபார்க்கத் துணிபவனே நீதி கேட்கத் தகுதியுடையவன்.