கணக்குச் சொல்லில் ஒரு வாழ்க்கை

பணி ஓய்வுக்குப் பின் என் தந்தையைப் பற்றி எழுத முற்பட்டேன். வகுப்பறையில் நெடுங்காலம் புழங்கிய பொருளியல் சொற்கள் இதில் தலைகாட்டலாகாது என்று எண்ணியிருந்தேன். எழுதி முடித்ததைப் படித்தபோது, அதில் எவருடைய தந்தையும் இருக்கலாம். என் தந்தை மட்டும் இல்லை. அப்போதுதான் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வந்தார்.

நான் வசிக்கும் அம்பத்தூரிலிருந்து புறநகர் ரயிலில் சில நிலையங்கள் கடந்தால் பெரம்பூர். அங்கே 1709-இல் பிறந்தவர் அவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர்; உறவினர் நைனியப்ப பிள்ளையின் தூண்டுதலால் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. துணி, பாக்கு வாணிபத்தில் தேர்ந்த ஆனந்தரங்கர், ஆளுநர் டூப்ளேயின் காலத்தில், 1747-இல், பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமை துபாஷ் ஆனார்.

1736 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் எழுதிய நாட்குறிப்பின் தமிழ், புலவர் தமிழன்று. கடைத்தெருவிலும் கம்பெனிக் கிடங்கிலும் வழங்கிய பேச்சுத் தமிழ் அது. பிரெஞ்சு, போர்த்துகீசிய, பாரசீகச் சொற்கள் தாராளமாகக் கலந்தது. கப்பல் வந்த வேளை, கைமாறிய வராகன், விருந்தினருக்கு முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை என யாவற்றையும் சரக்கிருப்பு எடுப்பவரைப் போலக் குறித்தார். மரியாதையையும் அவமதிப்பையும்கூட வரவு, செலவாகவே அவர் கண்டார் என்பது என் கருத்து. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றிய செய்தியும், டூப்ளேயின் மனைவி தம்மீது கொண்ட பகையும் அதே ஏட்டில் ஏறின.

1754-இல் டூப்ளே தாயகத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1756-இல் பிள்ளையின் பதவியும் பறிபோனது. உடல் நலிந்த நிலையிலும் நாட்குறிப்பு நிற்கவில்லை. 1761 ஜனவரி 12-இல் அவர் மறைந்தார். நான்கே நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1846-இல் வெளிச்சத்துக்கு வந்த அந்த ஏடுகள், பின்னர் சென்னை அரசால் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டன. தொழிற்சொற்களை நீக்கிவிட்டு அவர் எழுதியிருந்தால் அந்த நகரமும் அந்த மனிதரும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

என் தந்தை ஆவடியில் மளிகைக் கடை நடத்தியவர். அவருடைய கடன் நோட்டில் சில பெயர்கள், பணம் வசூலாகாமலே அடிக்கப்பட்டிருக்கும். அதனைப் பெருந்தன்மை என்று முதலில் எழுதியிருந்தேன். இப்போது அச்சொல்லை அடித்துவிட்டு, தெரிந்தே கொடுத்த வாராக்கடன் என்று எழுதினேன். அடுத்த வரியில், அதே ஆண்டு என் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் வட்டிக்கு வாங்கிய தொகையையும் சேர்த்தேன்.