ஒரு கோழியும் 55 வருடக் காத்திருப்பும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ், அரியர், கடைசி பெஞ்ச் என்றுதான் யோசித்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம்ம பேட்சிலேயே ஆள் இருக்கு. அதனால் எலெக்ட்ரிக்கல் படித்த நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன்.

காரணம் என் அம்மா. மூன்று வருடங்களாக அவருக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை, இமாடினிப். சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார், என்னைத் திட்டுகிறார். இந்த மாத்திரை எப்படித்தான் வேலை செய்கிறது என்று தேடிப் போனவன், கடைசியில் ஒரு கோழியின் முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் பெய்ட்டன் ரவுஸ் நின்றிருந்தார்.

1879-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படிக்கும்போது, பிரேதப் பரிசோதனையில் காசநோய் தாக்கிய எலும்பு விரலைக் கீறிவிட, அவருக்கே அந்த நோய் தொற்றியது. அறுவை சிகிச்சைக்குப் பின் படிப்பை நிறுத்திவிட்டு டெக்சாஸ் மாட்டுப் பண்ணையில் ஒரு வருடம் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1905-ல் பட்டம் வாங்கினார். வைத்தியம் பார்ப்பது தனக்குச் சரிப்படாது என்று ஆராய்ச்சிக்குப் போய், 1909-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார்.

அந்த வருடமே, மார்பில் கட்டியோடு ஒரு பிளிமத் ராக் கோழி அவரிடம் வந்தது. கட்டியை அரைத்து, செல்லோ பாக்டீரியாவோ நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை நல்ல கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது! செல்லைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று புற்றுநோயை உண்டாக்குகிறது என்று 1911-ல் எழுதினார். அதுதான் இன்று ரவுஸ் சார்கோமா வைரஸ்.

பெரும்பாலோர் நம்பவில்லை. அது புற்றுநோயே இல்லை என்றார்கள், வடிகட்டியில் செல் கசிந்திருக்கும் என்றார்கள். எலிக் கட்டிகளில் இதே சோதனையைச் செய்தார், பலனில்லை. சில வருடங்களில் அந்த வேலையையே விட்டுவிட்டார்.

ஆனால் சும்மா உட்காரவில்லை. முதல் உலகப் போரின்போது, சிட்ரேட்டும் சர்க்கரையும் கலந்த கரைசலில் ரத்தத்தை வாரக்கணக்கில் கெடாமல் வைக்கும் வழியை டர்னருடன் சேர்ந்து கண்டுபிடித்தார். 1917-ல் போர்முனையில் ராபர்ட்சன் அமைத்த ரத்த வங்கிக்கு அதுதான் அஸ்திவாரம். 1933-ல் ரிச்சர்ட் ஷோப் முயல்களின் மருவுக்கு வைரஸ் காரணம் என்று காட்டிய பிறகு, ரவுஸ் மறுபடியும் புற்றுநோய்க்குத் திரும்பினார். 1966-ல், 87 வயதில், சார்லஸ் ஹக்கின்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் அதற்கு மூன்று வருடம் முன்பே நோபல் வாங்கிவிட்டார்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜீனில் ஏற்படும் மாற்றம்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்ற கருத்தை ரவுஸ் ஏற்கவே இல்லை. 1970-ல் காலமானார். 1976-ல் பிஷப், வார்மஸ் குழுவினர் அவருடைய அதே வைரஸை ஆராய்ந்து, அதிலுள்ள சார்க் என்ற ஜீன் கோழியின் சொந்த ஜீனிலிருந்தே வந்தது என்று காட்டினார்கள். ஊரே நம்பாதபோது சரியாக இருந்தவர், ஊர் நம்பிய பிறகு தப்பாகவும் இருந்தார்.

அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் ஒரு கைனேஸ் என்று 1978-ல் தெரிந்தது. நம்ம பாஷையில் சொன்னால், செல்லுக்குள் வளரு என்று சிக்னல் கொடுக்கும் சுவிட்ச். கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்குமே, அதே கோளாறு. அம்மாவின் நோயில் ஒட்டிக்கொண்டிருப்பது ஏ.பி.எல். என்ற, இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சுவிட்ச். அதற்கு ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியை இமாடினிப் அடைத்துவிடுகிறது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது.

போன வருடம் வேலையில் ஒரு டெஸ்டில் புரியாத ரீடிங் வந்தது. மீட்டர் கோளாறு என்று எழுதி மூடிவிட்டேன். ரவுஸைப் படித்த பிறகு அந்த லாக் புக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காரணம் இன்னும் புரியவில்லை. ஆனால் மீட்டர் கோளாறு என்பதை அடித்துவிட்டு, என்ன பார்த்தேனோ அதை மட்டும் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, லேபில் வேண்டிய விடைக்கு ஏற்ற மாதிரி ரீடிங்கைத் திருத்தும் வித்தை எங்களுக்கும் தெரியும். நாங்களும் செய்தவர்கள்தான். இனிமேல் வேண்டாம். வந்ததை வந்தபடி எழுதுங்கள்.

அம்மாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பாவம்டா அந்தக் கோழி என்றார். அப்புறம் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.